கொலு பொம்மையில் கோளாறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

புரட்டாசி அமாவாசைக்கு முன்பு பரணிலிருந்து பெட்டிகளை இறக்கிப் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போதுதான் சென்ற ஆண்டு செய்த தவறுகள் கண்ணில் படுகின்றன. ஒன்றின் முகத்தில் வெண்ணிறப் பூப்பு, இன்னொன்றின் முதுகில் ஒட்டிப்போன செய்தித்தாள், மூன்றாவதற்கு விரல் இல்லை. உடனே ஈரத்துணியை எடுப்பதுதான் நம் வழக்கம். சேதத்தைவிட அந்த ஈரத்துணி கெடுத்த பொம்மைகளே அதிகம் என்று நான் நினைக்கிறேன். எனவே அறிகுறிகளுக்குள் போவதற்கு முன்பு இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: பொம்மையின் உடல் எதனால் ஆனது, அதன்மேல் பூசியிருப்பது எந்த வண்ணம்? இந்த இரண்டும் தெரியாமல் கீழே உள்ள எந்த வைத்தியத்தையும் தொடங்க வேண்டாம்.

உடலை அறிதல்

மடித்த துண்டின்மேல் பொம்மையைப் படுக்க வைத்து அடிப்பாகத்தைப் பாருங்கள். வண்ணம் படாத இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சுட்ட மண் பொம்மை இரண்டு பாதி அச்சுகளில் மண்ணை அழுத்தி ஒட்டிச் செய்யப்படுவதால் உள்ளே கூடாக இருக்கும். சூளையில் ஆவி வெளியேறுவதற்காக அடியில் ஒரு துளை விட்டிருப்பார்கள். பக்கவாட்டில் ஒட்டுக்கோடு ஒன்று மங்கலாகத் தெரியும். துளைக்குள் டார்ச் அடித்தால் செம்மண் நிறம் தெரியும். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ஓசை சொத்தையாகக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ இருக்கிறது.

அடியில் ஒரு சொட்டு நீர் வைத்துப் பார்ப்பது அடுத்த சோதனை. சுட்ட மண் நீரை உறிஞ்சிக் கருக்கும், ஆனால் குழையாது. ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பத்தைக் கண்ட களிமண் மீண்டும் சேறாவதில்லை. விரலால் தேய்த்தபோது சேறாக வந்தால் அது வெயிலில் மட்டும் காய்ந்த பச்சை மண். அதன் அருகே நீரே போகக்கூடாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நீரை உறிஞ்சினாலும் வெண்மையாகவே இருக்கும், நகத்தால் கீறினால் வெள்ளைத் தூள் வரும். காகிதக்கூழ் பொம்மை அதன் அளவுக்கு வியப்பூட்டும் வகையில் எடை குறைந்திருக்கும். நீர் பட்ட இடம் சற்றே உப்பி நகத்துக்கு மெத்தென்று இருக்கும். இலேசாகவும் மர இழையோட்டத்துடனும் இருந்தால் அது கொண்டபள்ளி போன்ற மரப் பொம்மை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அன்று. பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை விளாச்சேரி என்று ஊர் தெரிந்தால் பொருளும் தெரிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஒரே ஊரில் மண்ணும் கூழும் இரண்டும் செய்கிறார்கள். சுட்ட மண்ணை நாக்கில் வைத்தால் ஒட்டும் என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். ஆனாலும் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அந்தச் சோதனையை விட்டுவிடுங்கள்.

வண்ணத்தை அறிதல்

காது குடையும் பஞ்சுக் குச்சியை நீரில் தொட்டு, கட்டைவிரலில் ஒற்றி, ஈரம் மட்டும் எஞ்சியிருக்கும்போது பொம்மையின் முதுகுப்பக்கத்தில் மறைவான ஓரிடத்தில் உருட்டுங்கள். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும், ஏனெனில் உடலில் எனாமலும் புடவைக் கரையில் வேறொரு பூச்சும் இருப்பது சாதாரணம். பஞ்சில் நிறம் ஏறினால் அது பசையில் குழைத்த நீர்வண்ணம் அல்லது டிஸ்டெம்பர். பளபளப்பு இல்லாமல் மாவு பூசியதுபோல் இருப்பவை பெரும்பாலும் இவ்வகைதான். நிறம் ஏறாமல் பளபளப்பும் இருந்தால் எனாமல்; பளபளப்பு மிதமாகவும் மேற்பரப்பு நெகிழிபோலும் இருந்தால் அக்ரிலிக்.

கையால் வரைந்ததா என்பதும் இந்த நேரத்திலேயே தெரிந்துவிடும். தூரிகை வைத்த இடத்தில் கோடு தடித்து, எடுத்த இடத்தில் மெலிந்து முடியும். இரண்டு கண்களும் அச்சாக ஒன்றுபோல் இரா. புடவைப் பூக்கள் எல்லாம் ஒரே அளவில், ஓரத்தில் பொடிப்பொடியாகத் தூவியதுபோல் இருந்தால் அது தகட்டை வைத்து ஸ்பிரே அடித்தது. கைவேலை என்று உறுதியானால் முகத்தை நீங்களாகத் திருத்த முயல வேண்டாம். கண் திறப்பதைப் பட்டறையில் எல்லா வேலையும் முடிந்தபின் கைதேர்ந்தவரிடம் விடுவது காரணமில்லாமல் இல்லை.

அறிகுறி: துடைத்தால் வண்ணம் துணியோடு வருகிறது

இதை நானே செய்திருக்கிறேன். பாட்டி காலத்துச் செட்டியார் பொம்மையின் தொப்பையில் படிந்திருந்த தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அதே வேகத்தில் முகத்துக்குப் போனேன். நிமிர்ந்து பார்த்தபோது செட்டியாரின் மீசையில் பாதி என் துணியில் இருந்தது. தொப்பை எனாமல், மீசை நீர்வண்ணம். எல்லா நிறத்தையும் தனித்தனியே சோதிக்கச் சொல்வது அதனால்தான்.

நிறம் வருவது தெரிந்த கணமே நிறுத்துங்கள். ஈரம் பட்ட இடத்தைத் தேய்க்காமல், உலர்ந்த பஞ்சால் ஒருமுறை ஒற்றிவிட்டு நிழலில் ஆறவிடுங்கள். இத்தகைய பொம்மைக்கு இனி உலர் சுத்தம் மட்டுமே: மென்மையான ஓவியத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டு, கேமரா லென்சுக்குப் பயன்படுத்தும் ரப்பர் காற்றூதியால் மடிப்புகளுக்குள் இருக்கும் தூசியை வெளியேற்றலாம். தூரிகையின் உலோகப் பட்டையைச் சுற்றி ஒட்டுநாடா போட்டுக்கொண்டால் அது மூக்கில் இடித்துக் கீறாது. வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறித்த இடம் புள்ளியாக நிற்கும்.

அறிகுறி: வெண்ணிறமாகப் பூத்திருக்கிறது

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சணம் அன்று. நான்கு வேறு காரணங்கள் ஒரே தோற்றத்தைத் தரும், நான்குக்கும் வைத்தியம் வேறு என்பதால் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பொறுமையாகப் பாருங்கள்.

முதலாவது உப்பு. மண்ணிலும், மண்ணைப் பிசைந்த நீரிலும் உப்பு இருக்கும். சுட்ட மண்ணின் நுண்துளைகள் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும்போது அந்த உப்பு கரைந்து, காற்று உலரும்போது மேற்பரப்புக்கு வந்து படிகமாகும். ஒவ்வொரு முறை படிகமாகும்போதும் அது இடம் தேடித் தன்மேல் உள்ள வண்ணத்தைத் தள்ளுகிறது. ஆகவே உப்பு பூப்பதும் வண்ணம் உரிவதும் பெரும்பாலும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள். பொம்மையை சிமெண்ட் தரையில் நேரடியாக வைத்திருந்தாலும், ஓதம் ஏறிய சுவரை ஒட்டி வைத்திருந்தாலும், ஆழ்குழாய் நீரில் கழுவியிருந்தாலும் வெளியிலிருந்தும் உப்பு சேரும். பூதக்கண்ணாடியில் மினுமினுக்கும், வாடை இராது, ஈரப் பஞ்சு பட்டால் கரையும், சில வாரங்களில் அதே இடத்தில் திரும்ப வரும்; இந்த நான்கும் பொருந்தினால் உப்புதான். கரைகிறதே என்று கழுவினால் கரைந்த உப்பு உள்ளே இறங்கி, அடுத்த முறை இன்னும் பரவலாக வெளிவரும். உலர்ந்த தூரிகையால் தட்டி, விழும் தூளைக் காகிதத்தில் ஏந்தி எறிந்துவிடுங்கள். வண்ணம் பூசாத அடிப்பாகத்தில் மட்டும், அதுவும் சுட்ட மண் என்று உறுதியான பின், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளை டிஷ்யூ காகிதத்தை ஒட்டிவைத்து, அது முழுவதும் காய்ந்தபின் எடுக்கலாம். காகிதம் காயும்போது உப்பைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒருமுறை பயன்படுத்திய காகிதத்தை மறுபடி பயன்படுத்தக்கூடாது.

இரண்டாவது பூஞ்சணம். இது வட்ட வட்டமாகவும் மெல்லிய பஞ்சிழைபோலவும் தெரியும். பெட்டியைத் திறந்ததுமே முடைவாடை அடிக்கும். மாவுப்பசை சேர்ந்த காகிதக்கூழில்தான் இது விரைவாகப் பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் வளரத் தொடங்கும். பாதித்த பொம்மையை மற்றவற்றிலிருந்து பிரித்து, நிழலில் மின்விசிறியின் நேர்க்காற்றுப் படாத இடத்தில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். முகக்கவசம் அணிந்து, மொட்டைமாடி அல்லது முற்றத்தில் வைத்துத் தூரிகையால் நீக்குங்கள். ஈரமாக இருக்கும்போதே தேய்த்தால் கறை வண்ணத்துக்குள் இறங்கிவிடும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் போடச் சொல்பவர்கள் உண்டு. அது அக்ரிலிக்கையும் சில வார்னிஷ்களையும் இளக்கும் என்பதால் எனாமலில் மட்டும், அதுவும் மறைவிடத்தில் சோதித்த பிறகே பயன்படுத்தலாம். வெயிலில் காயவைப்பது எளிய வழியாகத் தோன்றினாலும் அடர் ரோஜா, பளிச்சென்ற ஆரஞ்சு போன்ற நிறங்களை அது வெளிறச் செய்துவிடும்.

மூன்றாவது, வண்ணத்துக்கு அடியில் பூசிய வெள்ளைப் பூச்சு பசையிழந்து மாவாவது. விரல் வைத்த இடமெல்லாம் மாவு ஒட்டும், மினுமினுப்பு இராது. இதை மேலே உள்ள உலர் சுத்தத்துக்கு மேல் தொடாமல் விடுவதே நல்லது.

நான்காவது வீண் பயம். அடைத்த பெட்டியில் அந்துருண்டை ஆவியாகிப் பொம்மைமேல் மெல்லிய செதில்களாகப் படிந்திருக்கும், வாடையே காட்டிக்கொடுத்துவிடும். காற்றோட்டமான இடத்தில் சில நாள் வைத்தால் தானே மறைந்துவிடும்.

அறிகுறி: சிறு சில்லு தெறித்து, பள்ளத்தின் நடுவில் ஒரு வெண்புள்ளி தெரிகிறது

யாரும் கீழே போடவில்லை, எதிலும் இடிக்கவில்லை. ஆனாலும் கன்னத்தில் காசளவு சில்லு பெயர்ந்திருக்கும். மண்ணைச் சரியாகச் சலிக்காமல் விட்ட ஒரு சிறு சுக்கான் கல்தான் காரணம். சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிறது. பிறகு மாதக்கணக்கில் காற்றின் ஈரத்தை ஏற்று நீற்றுச் சுண்ணாம்பாக உப்பி, மேலே இருக்கும் மண்ணை வெடித்துத் தள்ளுகிறது. வெற்றிலைக்குச் சுண்ணாம்புக் கல்லை நீற்றும்போது அது பொரிந்து விரிவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இது செய்முறைக் குறை, உங்கள் பராமரிப்புக் குறை அன்று. வெண்புள்ளியை ஊசிமுனையால் சுரண்டி எடுத்துவிட்டு, சாக்பீஸ் தூளையும் வெள்ளைப் பசையையும் குழைத்த மக்கால் பள்ளத்தை நிரப்புங்கள். காய்ந்தபின் பள்ளத்தின் எல்லைக்குள் மட்டும் நிறம் தொடுங்கள்.

அறிகுறி: வண்ணம் செதில் செதிலாக எழும்புகிறது

இதில் தூரிகைகூட ஆபத்து. செதில் விழுந்திருந்தால் அதைச் சிறு டப்பாவில் சேமியுங்கள். புதிதாகத் தொடும் எந்த நிறமும் அந்தச் செதிலுக்கு ஈடாகாது. காரணம் உப்பாக இருக்கலாம் என்று மேலே சொன்னேன். அதைவிட அடிக்கடி நான் காண்பது, பழைய டிஸ்டெம்பர்மேல் யாரோ எனாமல் அடித்திருப்பது. மாவுபோன்ற அடிப்பூச்சின்மேல் இறுகும் தோல் சுருங்கும்போது அடிப்பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வருகிறது.

எனாமலோ அக்ரிலிக்கோ என்றால், நீரில் நன்கு நெகிழ்த்திய வெள்ளைப் பசையை மிக மெல்லிய தூரிகையால் செதிலின் விளிம்பில் தொட்டால் அது தானே அடியில் ஊர்ந்து போகும். அரை மணி கழித்து, பட்டர் பேப்பரை மேலே வைத்து விரலால் மென்மையாக அழுத்துங்கள். நீர்வண்ணம் என்றால் இந்தப் பசையில் உள்ள நீரே வண்ணத்தைக் கரைத்துவிடும். அருங்காட்சியகப் பராமரிப்பாளர்கள் பயன்படுத்தும் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்து வைப்பதே அங்கே பொருந்தும், ஏனெனில் நீர்வண்ணத்தைக் குழைக்கும் மரப்பிசினும் வஜ்ரமும் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை) அசிட்டோனில் கரைவதில்லை. அதே கரைசல் அக்ரிலிக்கில் பட்டால் வண்ணம் இளகும். முதலில் வண்ணத்தை அறியச் சொன்னதன் பொருள் இங்கேதான் முழுமையாக விளங்கும்.

உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தும் எண்ணம் வந்தால், பழைய மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயச் சேர்மங்கள் இருந்திருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகள் புழங்கும் கூடத்தில் அந்தத் தூளைக் கிளப்பக்கூடாது. உதிர்ந்ததை ஈரத் துணியால் தரையிலிருந்து ஒற்றி எடுங்கள், துடைப்பத்தால் பெருக்க வேண்டாம்.

அறிகுறி: பிசுபிசுப்பு, செய்தித்தாளோ பிளாஸ்டிக்கோ ஒட்டிக்கொண்டது

முழுவதும் காயாத எனாமலும், வெப்பத்தில் இளகிய வார்னிஷும் சுற்றியிருக்கும் பொருளைப் பிடித்துக்கொள்ளும். பிவிசி உறையிலிருந்து கசியும் மென்மையாக்கிகள் வண்ணத்தைத் தாமே இளக்குகின்றன. குமிழ் உறையின் வட்டங்கள் பதிந்த பொம்மைகளைப் பலர் வீட்டில் பார்க்கலாம். ஒட்டிய உறையைப் பிய்க்க வேண்டாம். பொம்மை பிசுபிசுப்பு அடங்கும்வரை குளிர்ந்த, உலர்ந்த அறையில் இருக்கட்டும். பிறகு உறையை மேற்பரப்போடு ஒட்டியவாறே பின்னோக்கி மடித்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். எனாமலில் எஞ்சிய காகிதத் துணுக்கை ஈரப் பஞ்சால் ஊறவைத்து எடுக்கலாம். பதிந்த வட்டத் தழும்பு போகாது.

அறிகுறி: தங்க நிறம் கறுத்தோ பச்சையாகவோ மாறுகிறது

பெரும்பாலான பொம்மைகளில் உள்ள தங்க நிறம் தங்கம் அன்று. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தூள். செம்பு காற்றோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து பழுப்பாகி, பிறகு பச்சையாகிறது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடும் புளியும் பொடியும் இதற்கு ஆகாது. புதிய தங்க வண்ணத்தை ஆபரணத்தின் மேட்டில் மட்டும் தொட்டால் போதும், பள்ளத்தில் இருக்கும் பழுப்பு நிழல்போல அழகாகவே இருக்கும்.

அறிகுறி: சிறு துளைகள், அடியில் மரத்தூள்போல உதிர்வு

காகிதக்கூழில் கரையான், வண்டு, ராமபாணப் பூச்சி மூன்றும் வரும். மண்கோடு தெரிந்தால் கரையான். அப்படியானால் கோளாறு பொம்மையில் மட்டும் இல்லை, பரணையும் சுவரையும் பார்க்க வேண்டும். வட்டத் துளையும் புதுத் தூளும் இருந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. நன்கு உலர்ந்த பொம்மையைத் தடித்த பாலிதீன் பையில் காற்று போகாமல் அடைத்து, மைனஸ் 18 பாகை செல்சியஸில் இயங்கும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் பையை ஒரு முழுநாள் திறக்கக்கூடாது. திறந்தால் குளிர்ந்த பொம்மைமேல் காற்றின் ஈரம் வியர்த்துவிடும். பூச்சி மருந்தை நேரடியாக அடித்தால் அதில் உள்ள கரைப்பான் வண்ணத்தைத் தின்னும்.

அறிகுறி: விரல், மூக்கு, கழுத்து உடைந்தது

உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று வைத்துப் பொருத்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஒவ்வொரு உரசலிலும் விளிம்பு கொஞ்சம் உதிரும். நொடியில் ஒட்டும் பசை வேண்டாம். ஒரு மயிரிழை விலகி ஒட்டிவிட்டாலும் திருத்த முடியாது, நுண்துளை உள்ள மண் அதைப் பாதி உறிஞ்சியும் விடும். சுட்ட மண்ணுக்கு வெள்ளைப் பசையே போதும். உடைந்த முகத்தில் மெலிதாகத் தடவி, பொருத்தி, கையால் பிடித்துக்கொண்டு நிற்பதற்குப் பதிலாக, ஓர் அடுக்கில் சலித்த மணலை நிரப்பி, உடைந்த துண்டு தன் எடையாலேயே சரியாக அமர்ந்திருக்கும் கோணத்தில் பொம்மையைப் புதைத்து வையுங்கள். மறுநாள் வரை தொடக்கூடாது. விரல் தொலைந்தே போயிருந்தால் எம்-சீல் கொண்டு புதிதாகச் செய்யலாம். ஆனால் அதைப் பின்னால் கழற்ற முடியாது என்பதால் தலைமுறை கடந்த பொம்மைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். விரல் இல்லாத கிருஷ்ணர் படியில் நிற்பதில் குறை ஒன்றும் இல்லை.

அறிகுறி: தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை சாய்ந்தபடியே நிற்கிறது

2008-09இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பொம்மையின் சூட்சுமம் முழுவதும் உருண்ட அடியில் இருக்கும் கனத்தில்தான். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே ஏதேனும் உருளும் ஓசை கேட்டால், கனக்கட்டி கழன்றுவிட்டது. அடியில் ஊசி நுழையும் அளவுக்குத் துளையிட்டு, பொம்மையை நேராக நிறுத்தி, சிரிஞ்சால் பசையைச் செலுத்தி, இரண்டு நாள் அசையாமல் வைக்கவும். ஓசை இல்லாமல் சாய்ந்தால், கழுத்துப் பக்கம் கூடுதல் மக்கோ வண்ணமோ ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: சரிசெய்தும் மறுஆண்டு அதே கோளாறு

அப்படியானால் குற்றம் எடுத்துவைக்கும் நாளில் இருக்கிறது. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாளே எல்லாவற்றையும் கட்டிவிடுகிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் ஏறக்குறைய அக்டோபர் மூன்றாம் வாரத்தில்தான். ஒன்பது நாள் சுண்டல் ஆவியும் மழைக்கு முந்திய புழுக்கமும் ஊறிய பொம்மையை அந்த ஈரத்தோடே பெட்டிக்குள் பூட்டி, பத்து மாதத்துக்கு மேல் பரணில் ஏற்றுகிறோம். சம்பிரதாயத்துக்குப் படிகளைக் கலைத்துவிடலாம்; பொம்மைகளை மட்டும் நான்கைந்து நாள் உலர்ந்த அறையில் துணி போர்த்தி வைத்திருந்து, மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு நாளில் கட்டுங்கள்.

சுற்றுவதற்குக் கஞ்சி போடாத பழைய வேட்டித் துணியே சிறந்தது. கஞ்சி பூச்சியை அழைக்கும். செய்தித்தாளின் மை வெளிர்நிற முகத்தில் இறங்கும், வைக்கோல் ஈரத்தையும் பூச்சியையும் சேர்த்துக் கொண்டுவரும். நீட்டிய கைகளுக்குக் கீழே துணிச் சுருள் வைத்துத் தாங்குங்கள். ஈரம் உறிஞ்ச அரிசி போடும் வழக்கம் வேண்டாம், வண்டு வைத்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போதும். வசம்பையோ அந்துருண்டையையோ போடுவதானால் துணியில் முடிந்து, பொம்மையைத் தொடாமல், தெர்மகோல் இல்லாத பெட்டியில் போடுங்கள், ஏனெனில் அந்துருண்டையின் ஆவி தெர்மகோலை உருக்கி வண்ணத்தோடு ஒட்டவைக்கும். கனமானவை அடியில், கூழ்ப் பொம்மைகள் மேலே. பெட்டிக்கு வெளியே எந்தப் பொம்மை, எந்த உடல், எந்த வண்ணம், எங்கே ஒட்டியது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த புரட்டாசியில் பெட்டியைப் பிரிப்பவர் நீங்களாக இல்லாவிட்டாலும் ஈரத்துணியை எடுக்கமாட்டார்.